பேயும் காதலும் பதினேழு வயதும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேம்பயர், ஓநாய் மனிதன், ஃபேரி, ஆவி என்று இவர்களோடெல்லாம் காதல் வரும் இளையோர் நாவல்களைக் கல்லூரி நாட்களிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். அக்கா மகள், அவளுடைய தோழிகள், அந்தத் தோழிகளின் அம்மாக்கள், என்னோடு வேலை பார்ப்பவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கதையின் முடிவைச் சொல்லாமல் விளக்க முடியவில்லை. அங்கே முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

ஒய்.ஏ., பாராநார்மல் ரொமான்ஸ், ரொமான்டசி: இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?

ஒய்.ஏ. என்றால் யங் அடல்ட். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை மனதில் வைத்துப் பதிப்பகங்கள் ஒதுக்கிய அலமாரி அது. நாயகிக்குப் பெரும்பாலும் 16 அல்லது 17 வயது இருக்கும். அந்த அலமாரியில் துப்பறியும் கதையும் உண்டு, நோயாளியின் கதையும் உண்டு, டிராகனும் உண்டு.

பாராநார்மல் ரொமான்ஸில் உலகம் நம்முடையதுதான். பள்ளிக்கூடம், மழை, பழைய வண்டி, வேலைக்குப் போகும் அப்பா எல்லாம் இருக்கும். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மட்டும் மனிதன் இல்லை. ஃபேன்டஸியில் உலகமே வேறு. வரைபடம், அரச வம்சம், மந்திரத்துக்குத் தனிச் சட்டதிட்டம் என்று போகும். ரொமான்டசி என்ற சொல் கடைகளில் பரவியது சமீப வருடங்களில்தான். ஃபேன்டஸியும் காதலும் சரிபாதி. அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி பெரியவர்களுக்கானது. இது ஏன் முக்கியம் என்பது கீழே வயது பற்றிய கேள்வியில் வரும்.

எல்லாம் 'ட்வைலைட்' என்ற வேம்பயர் நாவல் வந்த பிறகு தொடங்கியதுதானே?

இல்லை. பிரான்ஸில் வில்னவ் அம்மையார் 'அழகியும் மிருகமும்' கதையை 1740-இல் எழுதினார். இன்று நமக்குத் தெரிந்த சுருக்கமான வடிவம் போமோன் அம்மையாருடையது, 1756. பயமுறுத்தும் ஒருவனின் வீட்டில் ஒரு பெண் அகப்பட்டுக்கொள்வாள், மெல்ல மெல்ல அவனுக்குள் இருக்கும் இன்னொருவனைக் காண்பாள். இந்த வகையில் பாதிக் கதைகள் இன்றும் அந்த வீட்டுக்குள்தான் நடக்கின்றன. பிரபு வீட்டுப் பிள்ளை போல் உடுத்திக்கொண்டு விருந்துகளுக்கு வரும் வேம்பயர், ஜான் பாலிடோரி எழுதி 1819-இல் வெளிவந்த கதையிலிருந்து வந்தவன்.

இளையோருக்கென்றே எழுதப்பட்ட வேம்பயர் காதலுக்கு நான் எல்லோரிடமும் சொல்லும் உதாரணம் அனெட் கர்ட்டிஸ் கிளவுஸ் 1990-இல் எழுதிய 'தி சில்வர் கிஸ்'. மிகச் சிறிய புத்தகம். ஸோயியின் அம்மா புற்றுநோயால் மருத்துவமனையில் இறந்துகொண்டிருக்கிறார். மகள் தாங்க மாட்டாள் என்று அப்பா அவளைப் பக்கத்திலேயே விடுவதில்லை. நெருங்கிய தோழியும் ஊரை விட்டுப் போகிறாள். சாவைப் பற்றி அவளிடம் பேச ஒருவரும் தயாராக இல்லாத அந்த நாட்களில், பேசத் தெரிந்தவனாக வருகிறான் சைமன். முந்நூறு வருடம் சாகாமல் இருப்பவனுக்குத்தானே சாவைப் பற்றித் தெரியும்! முடிவைச் சொல்கிறேன், படிக்க நினைப்பவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். அவன் அவளைத் தன்னைப் போல ஆக்குவதில்லை. விடியும்வரை அவளோடு உட்கார்ந்திருந்து, சூரியனுக்குத் தன்னைக் கொடுத்துவிடுகிறான். அம்மாவை எப்படி வழியனுப்புவது என்று அந்த விடியலில்தான் அவள் கற்றுக்கொள்கிறாள்.

நேரடியாகச் சொல்லுங்கள், உங்களுக்கு 'ட்வைலைட்' பிடிக்குமா பிடிக்காதா?

பிடிக்கும். அதிலுள்ள சிலவற்றை ஏற்கவும் மாட்டேன். இரண்டையும் சொல்கிறேன்.

ஸ்டெஃபனி மேயர் அதுவரை ஒரு புத்தகமும் வெளியிடாதவர், மூன்று சிறு பிள்ளைகளின் அம்மா. 2003 ஜூனில் கண்ட ஒரு கனவிலிருந்து எழுதத் தொடங்கினார், 2005-இல் புத்தகம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் மழை கொட்டும் சின்ன ஊரான ஃபோர்க்ஸ், அங்கே புதிதாக வந்து சேரும் பெல்லா, 1918 விஷக்காய்ச்சலில் செத்துப்போயிருக்க வேண்டிய வேம்பயர் எட்வர்ட். இதில் எழுத்தாளர் சரியாகப் பிடித்தது, பதினேழு வயதில் ஒருவனைப் பார்க்கும்போது உடம்புக்குள் நடக்கும் கலவரத்தை. அந்த வயதில் அது வாழ்வா சாவா என்றுதான் இருக்கும். அதைப் பெரியவர்களின் புன்னகையோடு தள்ளி நின்று எழுதாமல், பெல்லாவின் மூச்சோடு எழுதினார். அதனால்தான் அத்தனை பெண்கள் படித்தார்கள்.

நான் முதலில் படித்தது இரண்டாம் பாகமான 'நியூ மூன்'. அதில் எட்வர்ட் விட்டுவிட்டுப் போகிறான். அதன் பிறகு வரும் பக்கத்தில் அக்டோபர் என்ற ஒரு சொல் மட்டும். திருப்பினால் நவம்பர். பிறகு டிசம்பர், ஜனவரி. நான்கு பக்கங்கள், நான்கு சொற்கள், வேறொன்றும் இல்லை. அப்பா தவறி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த ஐந்து மாதத்தில் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன், மாதங்களின் பெயரை மட்டும். அகராதியைத் தொடாமல் ஆங்கிலத்தில் நான் முழுதாகப் புரிந்துகொண்ட முதல் பக்கங்களும் அவைதான். இந்தத் தொடரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்த நான்கு பக்கங்களுக்காக நான் அவரிடம் நன்றியோடு இருக்கிறேன்.

ஏற்காதவை: தெரியாமல் அறைக்குள் வந்து தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டிருப்பது. மூன்றாம் பாகத்தில், ஓநாயாக மாறும் அவளுடைய நண்பன் ஜேக்கபைப் பார்க்கப் போகக்கூடாது என்று அவளுடைய வண்டியின் எஞ்சினில் கை வைத்து ஓடாமல் செய்வது. எட்வர்ட் செய்தது என்பதைவிட, அதைக் கதை அக்கறை என்று வாங்கிக்கொள்வதுதான் எனக்கு உறுத்தல். நான்காம் பாகத்தில் பெல்லாவுக்கு அப்போதுதான் பிறந்த குழந்தையோடு ஜேக்கப் விதியால் பிணைக்கப்படுவதை எத்தனை முறை படித்தாலும் மனம் ஒப்புவதில்லை. அக்கா மகளுக்குப் புத்தகத்தைக் கொடுத்தபோது அந்த வண்டிக் காட்சியில் ஒரு சீட்டு வைத்துக் கொடுத்தேன்: "உன் வண்டிச் சாவியை ஒருத்தன் பிடுங்கி வச்சுக்கிட்டா நீ என்ன செய்வ?" என்று. இரண்டு நாள் கழித்து அவளே வந்து பேசினாள். படிக்காதே என்று தடுத்திருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது.

'ட்வைலைட்'டில் ஜேக்கபின் ஓநாய்க் குலத்தார் உண்மையில் இருக்கிறார்களா?

க்விலியூட் மக்கள் உண்மையானவர்கள். ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் கடலோரம் லா புஷ் என்ற ஊரில் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. வேம்பயர்களோடு பகை, கோபம் வந்தால் ஓநாயாக மாறுவது எல்லாம் நாவலாசிரியரின் கற்பனை. இரண்டையும் கலந்து படித்துவிட்டு லா புஷுக்குப் போய் இறங்கிய ரசிகர்கள் ஏராளம். சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து, நாவலில் உள்ளதையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

கதைக்குள் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய நிலம் ஏறக்குறைய ஒரு சதுர மைலாகத்தான் இருந்தது, பெரும்பகுதி கடல் மட்டத்தில். சுனாமி வந்தால் பள்ளிக்கூடம் உட்பட எல்லாம் போய்விடும் என்ற நிலை. மேட்டு நிலம் கேட்டு நெடுங்காலம் போராடினார்கள். 2012-இல்தான் தேசியப் பூங்காவிலிருந்து நிலம் ஒதுக்கும் சட்டம் கையெழுத்தானது. டிசம்பர் 2004-ஐ நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பார்த்த நமக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தின் பெயரை எடுத்துக் கதை செய்பவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்பது என் உறுதியான கருத்து.

ஒரு புத்தகம் தேறுமா தேறாதா என்று எப்படி முடிவு செய்வீர்கள்?

இரண்டு விஷயம் பார்ப்பேன். மந்திரத்துக்கு என்ன விலை? அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை?

விலையில்லாத மந்திரம் கதையைச் சப்பென்று ஆக்கிவிடும். நினைத்ததும் கையில் நெருப்பு வந்தால் எனக்கென்ன பதற்றம்? லைனி டெய்லரின் 'டாட்டர் ஆஃப் ஸ்மோக் அண்ட் போன்' 2011-இல் வந்தது. ப்ராக் நகரில் ஓவியம் படிக்கும் கரூ என்ற நீலக் கூந்தல் பெண். மந்திரத்தால் கேட்டு வாங்கிய நீலம் அது. அவளை வளர்த்த பிரிம்ஸ்டோன், ஆட்டுக்கடாக் கொம்பு வைத்த ஒரு பெரிய உரு, பற்களை வாங்கிக்கொண்டு வரங்களை விற்பவர். சில்லறைக் காசு மாதிரி வரத்துக்கும் மதிப்பு உண்டு. மிகச் சிறிய வரம் ஒரு மணி அளவு. துரோகம் செய்த பழைய காதலனுக்குத் தாங்க முடியாத அரிப்பு வரவைக்க அது போதும். மிகப் பெரிய வரத்தைக் காசுக்கு வாங்கவே முடியாது. தன்னுடைய பற்கள் அத்தனையையும் தானே பிடுங்கித் தர வேண்டும். அந்தக் கடையில் அப்படிக் கேட்டு வந்தவர்களைப் பற்றிப் படித்தபோது என் நாக்கு தானாக என் பல் வரிசையைத் தடவிப் பார்த்தது. ஏன் பல் என்பதும் பின்னால் தெரியவரும். அந்த உலகத்தில் வலிதான் மந்திரத்துக்குச் செலுத்தும் வரி. அந்த இரண்டு உண்மையும் சேரும் இடத்தில் முழுக் காதல் கதையும் தலைகீழாகத் திரும்பும். அதை நான் சொல்லப்போவதில்லை.

அடுத்தது வேலை. காப்பாற்றப்படுவதைத் தவிர அவள் என்ன செய்கிறாள்? ஹாலி பிளாக்கின் 'தி குரூவல் பிரின்ஸ்', 2018. ஜூடுக்கு ஏழு வயதாக இருக்கும்போது கண்ணெதிரே அம்மா அப்பாவைக் கொன்ற அதே ஃபேரித் தளபதி, அவளையும் சகோதரிகளையும் கூட்டிப்போய் வளர்க்கிறான். இங்கே ஃபேரி என்றால் சிறகு வைத்த குட்டி தேவதையை நினைக்காதீர்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் அழகான, கொடூரமான இனம். அவர்களுக்குச் சாவு எளிதில் வராது, மயக்க வித்தை உண்டு, அரண்மனை உண்டு. பொய் மட்டும் சொல்ல முடியாது. அந்த நாட்டில் ஜூடிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அதுதான், அவளால் பொய் சொல்ல முடியும். தன்னை விஷம் வைத்துக் கொல்லலாம் என்று தெரிந்ததும் அவள் என்ன செய்கிறாள் பாருங்கள்: நாளுக்குக் கொஞ்சமாக விஷத்தைத் தானே தின்று பழகுகிறாள். வயிறு பிரட்ட, கை நடுங்க, மறுநாளும் தின்கிறாள். இளவரசன் கார்டனோடு காதல் வருவதற்கு வெகு முன்பே இவளை எனக்குத் தெரிந்துவிடுகிறது.

கார்டன் அவளைப் பள்ளியில் துன்புறுத்தியவன், அவனோடு காதலா என்று சிலர் கோபப்படுவார்கள். நியாயமான கோபம். அந்தக் கொடுமையை இந்தக் கதை மறந்துவிடுவதில்லை, அவளும் மறப்பதில்லை. அவனை ஒரு வருடத்துக்குத் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வைத்துவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுகிறாள்.

நூறு வயது வேம்பயர், பதினேழு வயது மாணவி. இந்த வயது வித்தியாசம் சரியா?

நூறு வயதுக்காரன் ஏன் மறுபடி மறுபடி பள்ளிக்கூடம் போகிறான் என்ற கேள்விக்கு எனக்கு இன்றுவரை திருப்தியான பதில் கிடைத்ததில்லை. நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: மந்திர வயது கதையின் உருவகம், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வேன். மனித வயதைப் பொறுக்க மாட்டேன். 2007-இல் தொடங்கிய 'வேம்பயர் அகாடமி' தொடரில் ரோஸுக்கு 17, அவளுக்குச் சண்டை சொல்லித்தரும் ஆசிரியருக்கு 24. ரோஸும் அவள் தோழி லிஸ்ஸாவும் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் அந்த நட்பு இந்த வகையிலேயே மிக அழகானவற்றில் ஒன்று. ஆசிரியர் விவகாரத்தைப் படிக்கும் பிள்ளைகளிடம், நிஜத்தில் இது ஒரு போதும் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

முக்கோணக் காதல் சலிக்கவில்லையா?

சலித்துவிட்டது. இரண்டு பையன்களும் இரண்டு வேறு வாழ்க்கையாக இருந்தால் மட்டும் படிப்பேன்.

எல்லாக் கதையும் கல்யாணத்தில்தான் முடிய வேண்டுமா?

2008-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் 'ட்வைலைட்' தொடரின் கடைசிப் பாகம் வந்தது: கல்யாணம், பிள்ளை, சாகாவரம். அதே வருட இறுதியில் கிறிஸ்டின் கேஷோரின் 'கிரேஸ்லிங்' வந்தது. அந்த நாட்டில் சிலருக்கு மட்டும் இரண்டு கண்ணும் இரண்டு நிறம். அவர்களுக்கு ஏதாவது ஒரு அபூர்வத் திறமை இருக்கும். கட்சாவுக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை. அவளுடைய திறமை கொல்வது. மாமன் முறையாகும் அரசன் அவளைத் தன் அடியாளாக வைத்திருக்கிறான். போ என்பவனை அவள் உயிருக்குயிராக நேசிக்கிறாள், கல்யாணம் வேண்டாம் என்கிறாள், பிள்ளையும் வேண்டாம் என்கிறாள். ஒருவனின் கைக்குள் இருந்து இப்போதுதான் வெளியே வந்தவள், அன்பானவனின் கைக்குள்ளும் போகப் பயப்படுகிறாள். அவள் மனதைக் கதை கடைசியில் "திருத்தி" வைப்பதில்லை, போவும் அதை ஒரு குறையாகப் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்த வருடம் இதைப் படித்தேன். வேண்டாம் என்று சொல்பவளைக் கதை தண்டிக்காமல் விட்டதே எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

என் மகளுக்குப் 13 வயது. இந்தப் புத்தகங்களைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஒவ்வொரு புத்தகமாகப் பார்த்து. அம்மாக்கள் ஏமாறும் இடம் அட்டை. பூவும் வாளும் பொன்னிற எழுத்தும் போட்ட அட்டைகள் எல்லா வயதுக்கும் ஒரே மாதிரி இருக்கின்றன. சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' 2015-இல் வந்தபோது இளையோர் அலமாரியில்தான் இருந்தது. தொடர் போகப் போகப் படுக்கையறைக் காட்சிகள் வெளிப்படையாகிவிட்டன. 2020-இல் பதிப்பகமே அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பிரிவில் வெளியிட்டது. ஆனால் பழைய பதிப்பைப் பார்த்தவர்கள் மனதில் அது இன்னும் பள்ளிப் பிள்ளைகள் புத்தகம். 2023-இல் பெரிய அலையாக வந்த ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்', போர்க் கல்லூரியும் டிராகனும் இருந்தாலும், முழுக்கப் பெரியவர்களுக்கானது.

என் வழக்கம் இதுதான். நான் முதலில் படிப்பேன். 13 வயதுக்கு 'தி ஸ்கார்பியோ ரேஸஸ்', 15-க்கு மேல் 'கிரேஸ்லிங்', 'தி குரூவல் பிரின்ஸ்'. முத்தக் காட்சிக்காக ஒரு புத்தகத்தைப் பிடுங்கி வைக்க மாட்டேன். துன்புறுத்தலைக் காதல் என்று சொல்லும் புத்தகத்தைத் தனியாகப் படிக்க விடமாட்டேன், கூடவே படிப்பேன்.

காதல் வேண்டும், ஆனால் நெளிய வைக்கும் காட்சிகள் வேண்டாம். இருக்கிறதா?

நிறைய இருக்கிறது, அவைதான் பெரும்பாலும் மேலானவையும் கூட. மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'தி ரேவன் பாய்ஸ்' தொடரில் ப்ளூ என்ற பெண், குறி சொல்லும் பெண்கள் நிறைந்த வீட்டில் வளர்கிறாள். தன் உண்மைக் காதலனை முத்தமிட்டால் அவன் செத்துப்போவான் என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். 2012 முதல் 2016 வரை நான்கு பாகம். அத்தனை பக்கமும் தொடாமல் நேசிப்பதில் போகிறது. நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் தொலைபேசியில் பேசிக்கொள்வதே அங்கே பெரிய காதல் காட்சி.

லீ பார்டுகோவின் 'சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்' இன்னொன்று. காஸ் எப்போதும் கையுறை போட்டிருப்பான். மனிதத் தோல் பட்டாலே அவனுக்குச் சிறுவயதில் பிணங்களோடு கிடந்த நினைவு வந்து மூச்சடைக்கும். இனெஜ் விற்கப்பட்டுத் தொழிலுக்குத் தள்ளப்பட்டு மீண்டவள். தொடுதல் அவளுக்கும் காயம். இவர்கள் இருவரும் ஒருவர் பக்கம் ஒருவர் நகரும் அந்த அங்குலங்களைப் படிக்க எனக்கு இரண்டு பாகமும் போதவில்லை.

பையன்கள் படிக்க முடியுமா?

தாராளமாக. மேலே சொன்ன இரண்டு தொடர்களும் பையன்களின் நட்பை அத்தனை மென்மையாக எழுதியவை. கூடவே எய்டன் தாமஸின் 'செமட்டரி பாய்ஸ்', 2020: லாஸ் ஏஞ்சலஸில் வாழும் லத்தீன் அமெரிக்கக் குடும்பத்தில் ஒரு திருநம்பி, தானும் ஆவிகளை விடுவிக்கும் ஆண்தான் என்று குடும்பத்துக்கு நிரூபிக்கப் போய், போக மறுக்கும் ஒரு வாயாடி ஆவியை அழைத்துவிடுகிறான். அந்தப் பாட்டி சமையலறையில் மணக்கும் சாப்பாட்டையும், அன்பிருந்தும் புரியாத அந்தக் குடும்பத்தையும் நம் ஊரில் யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அட்டையில் எழுத்தாளர் பெயர் இருந்தால் அவர்தான் எழுதியிருப்பார் இல்லையா?

எப்போதும் இல்லை, இது வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 'தி வேம்பயர் டைரீஸ்' 1991-இல் எல். ஜே. ஸ்மித் எழுதியது. ஆனால் கதைத் திட்டத்தோடு எழுத்தாளர்களை அமர்த்தி எழுத வைக்கும் ஒரு நிறுவனத்துக்காக எழுதினார். உரிமை அந்த நிறுவனத்திடம். பின்னாளில் தொலைக்காட்சித் தொடராகிப் புகழ் ஏறிய சமயத்தில், 2011-இல், அவரையே விலக்கிவிட்டு வேறு ஆட்களை வைத்துத் தொடர்ந்தார்கள். அவர் விடவில்லை. ரசிகர்கள் பிறர் கதையை வைத்து எழுதுவதற்கென்று அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலில் ஓர் ஏற்பாடு இருந்தது. அதில் சேர்ந்து, தன் கதைக்குத் தானே ரசிகையாக, தான் நினைத்த மீதியை 2014-இல் வெளியிட்டார். 2025-இல் காலமானார். அவருடைய பாத்திரங்களை அவரிடமிருந்து எடுத்துவிட முடிந்தது, அவர் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

தமிழ் மீடியத்தில் படித்தேன். ஆங்கில நாவல் படிக்க முடியுமா?

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம்தான். ஆங்கில நாவலுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடையாது. பெரும்பாலானவை நாயகியே "நான்" என்று சொல்லும் கதைகள், வாக்கியம் சின்னது, பேச்சு அதிகம், ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததற்கு இழுக்கும். பக்கத்துக்கு இரண்டு சொல்லுக்கு மேல் அகராதி பார்க்காதீர்கள். மீதி போகப் போகப் பிடிபடும். முதலில் 'ட்வைலைட்' மாதிரி நம் உலகத்தில் நடப்பதை எடுங்கள். புது ஊர், புதுப் பெயர், புது மந்திரம் எல்லாம் சேர்ந்து வரும் ஃபேன்டஸி மூன்றாவது நான்காவது புத்தகமாக இருக்கட்டும்.

நம்மிடம் இப்படிக் கதைகள் இல்லையா?

நீலி இருக்கிறாள். கணவனால் காட்டில் கொல்லப்பட்ட பெண், அடுத்த பிறவியில் பேயாக வந்து, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, பழையனூர் வேளாளர் சபையில் அவனைத் தன் கணவன் என்று வழக்காடி ஜெயிக்கிறாள். அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று பிணை நின்ற எழுபது பேரும், அவன் செத்ததும், சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். கொல்லப்பட்டவள் அவள். மொழியில் மிஞ்சியதோ "நீலிக்கண்ணீர்" என்ற வசைச் சொல்.

இதே பழையனூர் நீலியை எடுத்துக்கொண்டு 'நீலகேசி' என்ற சமண காப்பியம் வேறொன்று செய்தது. முனிவரை மயக்கித் தவத்தைக் கெடுக்க வந்த பேய், அவரிடம் அறம் கேட்டு மனம் மாறி, ஊர் ஊராகப் போய் அறிஞர்களோடு வாதிட்டு வெல்கிறாள். ஒரு பேய்ப் பெண்ணைத் தத்துவவாதியாக்கிய மொழி நம்முடையது! அவள் பதினேழு வயதில் எப்படி இருந்தாள், கள்ளிக் கட்டையை இடுப்பில் வைத்தபோது அவளுக்கு என்ன தோன்றியது என்று அவள் வாயாலேயே சொல்லும் ஒரு தமிழ் நாவலை யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குவேன்.

பெரியவர்கள் இதைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லையா?

ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு புத்தகம்தான் படிப்பேன் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மேகி ஸ்டீஃப்வாட்டரின் 'தி ஸ்கார்பியோ ரேஸஸ்', 2011. தொடர் இல்லை, ஒரே பாகத்தில் முடிந்துவிடும்.

திஸ்பி என்ற சின்னத் தீவு. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் கடலுக்குள்ளிருந்து குதிரைகள் கரையேறும். மாமிசம் தின்னும் குதிரைகள். ஆண்கள் அவற்றைப் பிடித்து, இரும்பும் மணியும் சிவப்பு நூலும் கட்டி அடக்கி, நவம்பர் முதல் தேதி கடற்கரையில் பந்தயம் விடுவார்கள். ஆட்கள் சாவார்கள். மறு வருடமும் விடுவார்கள்.

பக் என்ற பெண்ணின் அம்மா அப்பாவை அந்தக் குதிரைகள்தான் கொன்றன. அண்ணன் பிழைப்புத் தேடித் தீவை விட்டுக் கிளம்பப் பார்க்கிறான், வீடு கையை விட்டுப் போகும் நிலை. அவள் பந்தயத்தில் பெயர் கொடுக்கிறாள், கடல் குதிரையில் இல்லை, வீட்டில் வளர்த்த டவ் என்ற சாதாரணப் பெட்டைக் குதிரையில். பெண்ணொருத்தி இதுவரை ஓடியதே இல்லை என்று ஊரே தடுக்கிறது. ஷான் கெண்ட்ரிக் மட்டும் அவள் பக்கம் பேசுகிறான். அவன் நான்கு முறை ஜெயித்தவன், அவன் ஓட்டும் கார் என்ற பெயருள்ள சிவப்புக் கடல் குதிரை வேறொருவருக்குச் சொந்தம். இருவருக்கும் ஜெயித்தே ஆக வேண்டும், ஒருவர்தான் ஜெயிக்க முடியும்.

இருவரும் மலை முகட்டில் நின்று கீழே பயிற்சி ஓடும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதிகம் பேச மாட்டார்கள். எந்தக் குதிரை எந்தப் பக்கம் சாய்கிறது, எது கடல் பக்கம் காதைத் திருப்புகிறது என்று அவன் சொல்வான், அவள் மனதில் குறித்துக்கொள்வாள். காதல் அந்தப் பார்வையில் வளரும். தேனும் வெண்ணெயும் வழியும் நவம்பர் கேக் ஒன்று அந்த ஊர்த் திருவிழாவில் உண்டு; அந்தக் கற்பனைப் பலகாரத்துக்கு எழுத்தாளரே பின்னால் செய்முறை எழுதிக் கொடுத்தார். ஒரு தீபாவளி விடுமுறையில் அக்கா மகளும் நானும் செய்து பார்த்தோம். மாவு சரியாகப் பொங்கவில்லை, சர்க்கரைப் பாகு கொஞ்சம் கருகிவிட்டது. ஆறும்வரை பொறுக்காமல் கையில் ஒட்ட ஒட்டத் தின்றுகொண்டே, கடைசி அத்தியாயத்தில் கார் கடலைப் பார்த்து நிற்கும் இடத்தை அவள் எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.